மார்னி, அந்தக் குட்டித் துப்பாக்கியை வாங்காதே

ஹார்லன் ஃபோர்டு, பென்சில்வேனியா
நவம்பர், வியாழக்கிழமை மாலை

பாலைவனத்தில் தனிக்குடித்தனம் நடத்தும் என் மருமகள் மார்னிக்கு, இந்த மாவட்டத்தின் தன்னிகரற்ற குறிவீரனும் மான்குலத்தின் எமனும் உன் தாய்மாமனுமாகிய வெர்னன் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் டோரீன் அத்தையும் சுகம், நாய் என்னைவிடச் சுகம், கூரை இன்னும் வீட்டின் மேல்தான் இருக்கிறது. அங்கே நீயும் ஜன்னலோரத்தில் வைத்திருக்கும் அந்த முள்செடியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. முதல் பனி செவ்வாய்க்கிழமை விழுந்தது, பனி என்றால் சாதாரணப் பனியில்லை, நாயை வெளியே விட்டுவிட்டு வால் நுனியை வைத்துத்தான் தேடிப் பிடித்தேன். உன் அம்மா நெப்ராஸ்காவிலிருந்து கூப்பிட்டாள், லாரி நிறைய பூசணிக்காய் ஏற்றியிருக்கிறாளாம், தூக்கம் வராமல் அவற்றோடு பேசிக்கொண்டு ஓட்டுகிறாளாம். என் தங்கை பெற்றுப் போட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டாள், உன்னைச் சோறு போட்டு வளர்த்தது அத்தை, வாயாடக் கற்றுக்கொடுத்தது நான், அதனால் உனக்குப் புத்தி சொல்லும் உரிமையை நாங்கள் மூவரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை முதலிலேயே நினைவூட்டிவிடுகிறேன்.

நீ அத்தையின் போனுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமை தோறும் சுடுதளத்துக்குப் போய்க் காகிதத்தில் ஓட்டை போடுகிறார்கள், உனக்கும் அதில் ஆசை வந்துவிட்டது, இரவல் துப்பாக்கியில் எத்தனை நாள் சுடுவது என்று சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறாய், எல்லாம் சரி. ஆனால் அந்தப் படத்தில் உன் உள்ளங்கையில் ஒரு பிஸ்டல் உட்கார்ந்திருக்கிறதே, சோப்புக் கட்டி அளவுக்கு, அதன் கீழே நீ எழுதியிருக்கிறாய், விலை குறைவு, எடையே இல்லை, என் சின்னக் கைக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது, வருகிற சனிக்கிழமை வாங்கிவிடட்டுமா மாமா என்று. அத்தை அதைப் படித்தாள், போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வெர்ன், நீயே உக்காந்து எழுது. நடந்தத நடந்தபடி எழுது. இடையில கரடி, சூறாவளி எதுவும் வரக்கூடாது" என்றாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் நல்ல கட்டத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு யாரோ அவசரமாக ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடுகிறார்கள், அதனால்தான் கடிதம்.

அத்தை பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவதை விட்ட பிறகு எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியாது, நீ போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள். நன்றாக இல்லை மார்னி. ஒரு தலைமுறைப் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே அடக்கி உட்கார வைத்தவள், வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, டிவி ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்று கூடக் கவனிக்காமல் இருந்தாள். நான் சொன்ன பொய்களையெல்லாம் மறுக்காமல் கேட்டுக்கொண்டாள், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நம் அடுத்த தெரு வாண்டாதான் ஒரு வியாழக்கிழமை வந்து, "அடியே, செருப்ப மாட்டு, கிளப்புக்குப் போறோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வேட்டைக்காரர் கிளப்பில் வியாழக்கிழமை பெண்கள் மாலை, பத்துப் பதினைந்து பேர் கூடிச் சுடுவார்கள், பிறகு சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் பை பலகாரம் தின்றுகொண்டு ஊரில் உள்ள புருஷன்மார்களைச் சுடுவார்கள். வாண்டாவின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுவிட்டு வந்த அன்றைக்கு உன் அத்தை சமையலறையில் நின்றுகொண்டு என்னிடம் அரை மணி நேரம் கதை சொன்னாள், என் கதையை மறுத்து மூன்று இடத்தில் திட்டவும் செய்தாள். நான் சந்தோஷத்தில் பாத்திரம் கழுவினேன் என்றால் பார்த்துக்கொள். அதுமுதல் வியாழக்கிழமை எங்கள் வீட்டில் பண்டிகை. ஆனால் கோடையில் வாண்டாவின் மகளும் சுட வர ஆரம்பித்துவிட்டாள், இரவல் துப்பாக்கி கைமாறிவிட்டது, அத்தைக்குச் சொந்தமாக ஒன்று வேண்டியிருந்தது.

இங்கேதான் உன் மாமன் சரித்திரத்துக்குள் நுழைகிறேன். செப்டம்பரில் தீயணைப்புப் படைக்காரர்கள் வழக்கம்போல் துப்பாக்கிக் குலுக்கல் விருந்து வைத்தார்கள். நீ இங்கே இருக்கும்போது பார்த்ததுதான், சீட்டு வாங்கினால் சாப்பாடும் பீரும் நாள் முழுக்க, கால் மணிக்கு ஒரு தரம் ஒரு எண்ணைக் கூப்பிட்டு ஒரு துப்பாக்கி கொடுப்பார்கள். நான் போகாத வருஷமில்லை, வென்ற வருஷமும் இல்லை, ஹாட் டாக் தின்று வயிற்றுவலி வென்றதைக் கணக்கில் சேர்க்காதே. இந்த வருஷம் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். மார்னி, அந்தக் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்ததில் ஆற்றுக்கு அக்கரையில் மாடுகள் கன்று போட்டுவிட்டன. மேடைக்குப் போனால், கையில் தந்தது நீ படம் அனுப்பியிருக்கிறாயே, கிட்டத்தட்ட அதே குட்டிப் பிஸ்டல், ஒன்பது மில்லிமீட்டர், வெள்ளிப் பளபளப்பு. பின்னணி விசாரணை எல்லாம் முறைப்படி முடிந்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படத்தைக் கிளப் பலகையில் ஒட்டினார்கள், படத்தில் துப்பாக்கி தெரியாது, என் பல் மட்டும்தான் தெரியும். எனக்கு அப்போது தோன்றியது என்ன தெரியுமா? அத்தைக்குச் சின்னக் கை, இது சின்னத் துப்பாக்கி, காசும் செலவில்லை, கடவுளே கணக்குப் பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று. இந்த மாவட்டத்தில் உள்ள எந்த ஆம்பிளையும் இதையேதான் நினைத்திருப்பான், இன்றைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும் பெண்பிள்ளை உள்ளே வந்தால் கண்ணாடிப் பெட்டியின் குட்டிச் சாமான் இருக்கிற மூலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை நானும் கூடவே போனேன், என் பரிசு எப்படிச் சுடுகிறது என்று பார்க்க. முதலில், தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற மேல்தகட்டைப் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை, குட்டித் துப்பாக்கிக்குள் குட்டி வில்சுருள், அதனால் இறுக்கம் அதிகம், உன் அத்தையின் கட்டைவிரல் மூட்டு குளிர்காலத்தில் எப்படி வலிக்கும் என்று உனக்கே தெரியும். கடைசியில் இழுத்து, நிமிர்ந்து நின்று, சுட்டாள். பெரிய துப்பாக்கியாக இருந்தால் உதைப்பின் பாதியை அதன் எடையே வாங்கிக்கொள்ளும், இதற்கு எடை ஏது, முழு உதைப்பும் நேராகக் கைக்கு வந்தது. பெருவிரல் இடுக்கில் தோல் உரிந்துவிட்டது. இரண்டாம் தடவை விசையை அழுத்துமுன் கண்ணை இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன், தோட்டா குறிப்பலகையை விட்டு எங்கேயோ மண்மேட்டில் போய் விழுந்தது. மூன்றாவது சுடவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து, திறந்தபடியே மேசையில் வைத்தாள், காதுக் கவசத்தைக் கழற்றினாள், "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது வெர்ன், வீட்டுக்குப் போலாம்" என்றாள். ஆப்பிள் பையும் தின்னவில்லை. அடுத்த வியாழன் தலைவலி, அதற்கடுத்த வியாழன் துணி துவைக்கணும், அதற்கடுத்த வியாழன் நேராக டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நான் சாப்பாட்டு மேசையில், நம் ஆற்றில் திமிங்கலம் வந்திருக்கிறது, நானே பார்த்தேன் என்று சொன்னேன். "அப்படியா" என்றாள்.

அந்த "அப்படியா"வைக் கேட்டுவிட்டுத்தான் வாண்டாவிடம் ஓடினேன். அவள் கதவைத் திறந்ததுமே பிடித்துக்கொண்டாள். "யோவ், அவ கையப் பாத்தேன். எருமை மாதிரி உதைக்கிற சாமானக் குடுத்து சுடச் சொல்லியிருக்க. இப்ப அவ கைக்கு பயம் வந்தாச்சு, மனசுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அத வித்துட்டு உருப்படியா ஒண்ணு வாங்கிக் குடு" என்றாள். நான் சொன்னேன், அது சாதாரணப் பிஸ்டல் இல்லை, குலுக்கலில் வென்றது, பலகையில் படம் இருக்கிறது, குலுக்கல் துப்பாக்கியை விற்பவனை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று. வாண்டா என்னை மேலும் கீழும் பார்த்து, "உம் படத்துக்குப் பக்கத்துல நீ ராத்திரி சாப்பிட்டுக்கோ, அவ வீட்டுல உக்காந்து டிவி பாக்கட்டும், நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மார்னி, நான் பெரிய யுத்தங்களில் வென்றவன், வாண்டாவிடம் மட்டும் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சனிக்கிழமை நானும் அத்தையும் வாண்டாவுமாக கஸ்ஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். அத்தை வரமாட்டேன் என்றுதான் சொன்னாள், வழியில் பியரோகி, அதுதான் அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றிக் கூட்டிப் போனோம். கஸ் கடைக்குப் பின்னாலேயே சுடுதளம் இருக்கிறது, வாடகைக்குத் துப்பாக்கி கொடுப்பான், வாங்குகிற முன்னால் சுட்டுப் பார்க்கலாம். நான் வெள்ளிப் பிஸ்டலை மேசையில் வைத்ததும் கஸ் சிரித்துவிட்டான். "வெர்னு, குலுக்கல் முடிஞ்சு ஒரு மாசத்துல இது மாதிரி எத்தன திரும்பி வருதுன்னு நெனக்கிற? நீதான் வழக்கத்தைவிட லேட்டு" என்றான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அவமானம், நான் மட்டும்தான் இந்த அளவுக்கு முட்டாள் என்று நினைத்திருந்தேன், அதிலும் முதலிடம் இல்லை. பிறகு கஸ் நாலைந்து துப்பாக்கியை எடுத்து வைத்தான், புதியதும் பழையதுமாக. ஒன்றைப் பிடித்தால் விசைக்கு விரல் எட்டவில்லை, இன்னொன்று முன்பக்கம் கனத்துக் கை தாழ்ந்தது. "விலைய அப்புறம் பாருங்க, மொதல்ல கையில புடிச்சுக் கண்ண மூடுங்க, தொறக்கும்போது குறி நேரா இருந்தா அது உங்க கைக்குப் பொருந்துதுன்னு அர்த்தம்" என்றான். கடைசியில் அத்தை ஒரு பழைய ரிவால்வரை எடுத்தாள். மரப்பிடி வழுவழுவென்று தேய்ந்து, நீலமெருகு அங்கங்கே போய், பார்க்க நம் பக்கத்து வீட்டு டிராக்டர் மாதிரி இருந்தது. நீளக் குழல், நல்ல கனம், இருபத்திரண்டு என்று சொல்வார்களே அந்தச் சின்னத் தோட்டா போடுவது. இழுக்க மேல்தகடு கிடையாது, உருளையைத் திறந்து தோட்டாவைப் போட வேண்டியதுதான், கட்டைவிரலுக்கு வேலையில்லை. "இது அசிங்கமா இருக்கே" என்றேன். "நீயுந்தான் இருக்க, நான் குறை சொன்னேனா" என்றாள். மாசக்கணக்கில் அவள் எனக்குக் கொடுத்த முதல் திட்டு, நான் காதில் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

ஆனாலும் சுடுவதற்கு நின்றதும் அவள் முகம் மாறிவிட்டது. கை பயந்திருந்தது, வாண்டா சொன்னது சரிதான். அப்போது வாண்டா ரிவால்வரை வாங்கித் திரும்பி நின்று, உருளையில் சில அறைகளில் நல்ல தோட்டாவும் சில அறைகளில் ஏற்கெனவே சுட்ட வெற்றுக் கூடுகளும் போட்டாள், எது எங்கே என்று அவளுக்கே தெரியாதபடி சுற்றிவிட்டு, அத்தையிடம் கொடுத்தாள். வெற்றுக் கூடு வந்தால் சத்தம் இருக்காது, உதைப்பு இருக்காது, க்ளிக் என்று மட்டும் கேட்கும், அப்போது உதைப்புக்குப் பயந்து கை முன்கூட்டியே என்ன செய்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அத்தை விசையை அழுத்தினாள், க்ளிக், குழல் முனை ஒரு முழம் கீழே குனிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சிரித்துவிட்டேன். அத்தை துப்பாக்கியை மேசையில் வைத்து நகர்ந்து நின்று, "மான்குலத்துக்கு எமனே, நீ வா, நீ சுடு பாப்போம்" என்றாள். போனேன். வாண்டா நிரப்பிக் கொடுத்தாள். நான் காலை அகட்டி, மூச்சை அடக்கி, சிலை மாதிரி நின்று அழுத்தினேன். க்ளிக். குழல் முனை, தாகத்தில் தண்ணீர் குடிக்கப் போகும் குதிரை மாதிரி நேராகத் தரையைப் பார்த்துக் குனிந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கரி லாரி போனதால் பூமி அதிர்ந்தது என்பதை இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன். "என்ன லாரிய்யா, எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றான் கஸ். உன் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்து பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளேயே வழிந்தது. சிரித்து முடித்தபோது கையிலிருந்த பயம் பாதி போயிருந்தது. மறுபடி எடுத்தாள், க்ளிக், குழல் கொஞ்சம் குனிந்தது. சத்தம், ஒரு ஓட்டை. க்ளிக், குழல் அசையவில்லை. அன்று கடை மூடும்வரை சுட்டாள். வெள்ளிப் பிஸ்டலைக் கொடுத்துவிட்டு, காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, அந்த டிராக்டரை வாங்கிக்கொண்டு வந்தோம். பியரோகியும் வாங்கினோம், அதற்கு நான்தான் காசு கொடுத்தேன். கிளப் பலகையில் என் படம் இன்னும் இருக்கிறது, யாரோ கீழே "குதிரைக்காரன்" என்று பேனாவால் எழுதிவிட்டார்கள், வாண்டாவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா.

ஆகவே என் கண்ணே, சனிக்கிழமை அந்தக் குட்டிச் சாமானை வாங்காதே. சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகிறவர்களுக்கு அது சின்னதாக இருக்கட்டும், உனக்குக் காகிதத்தில் ஓட்டை போட வேண்டும், அதற்கு நீளக் குழலும் கனமும்தான் நல்லது. இருபத்திரண்டில் ஆரம்பி, ரிவால்வரோ பிஸ்டலோ உன் கைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், பெரிய தோட்டா ஒரு பெட்டி வாங்கும் காசில் இந்தச் சின்னத் தோட்டா இரண்டு மூன்று பெட்டி வரும், முதல் வருஷத்தில் சுடச் சுடத்தான் கை பழகும். பழைய துப்பாக்கி என்றால் ஒதுக்காதே, நம்பகமான கடைக்காரனிடம் திறந்து காட்டச் சொல், சுட்டுப் பார்க்காமல் மட்டும் வாங்காதே. மிச்சப்படும் காசில் நல்ல காதுக் கவசம், கண்ணாடி, பூட்டுள்ள இரும்புப் பெட்டி, இது மூன்றையும் துப்பாக்கி வாங்குகிற அன்றைக்கே வாங்கு, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அப்புறம் வராது. கடைக்காரன் உன்னைக் குட்டிச் சாமான் மூலைக்குக் கூட்டிப் போனால், சிரித்துக்கொண்டே, பெரிய மூலைக்குப் போகலாம் என்று சொல்லிவிடு. உன்னோடு வருகிற பையன்களில் எவனாவது உன் குழல் குனிவதைப் பார்த்துச் சிரித்தால், வெற்றுக் கூடு கலந்து அவனிடம் கொடு.

இன்று வியாழக்கிழமை என்று மேலே எழுதினேன் இல்லையா, இன்றைக்குக் கிளப்பில் பெண்களுக்கு வான்கோழிப் போட்டி. ஆளுக்கு ஒரு அட்டை, ஒரே ஒரு தோட்டா, நடுப்புள்ளிக்கு யார் ஓட்டை நெருக்கமோ அவளுக்கு உறைந்த வான்கோழி. அத்தை நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள், போகும்போது, சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "உனக்கு ரெண்டு கை இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் நானும் நாயும்தான். ரொட்டியைக் கருக்கினேன், நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக மறுத்துவிட்டது. பட்டினியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன், இவ்வளவு ருசியான பட்டினியை நான் சமீபத்தில் அனுபவித்ததில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாண்டாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. நின்று கால் மணி நேரம் ஆகிறது, இரண்டு பேரும் இறங்கவில்லை, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, உள் விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு அட்டைகளை மூக்கருகில் வைத்துப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், கண்ணாடி மூடியிருந்தும் சத்தம் இங்கே கேட்கிறது. நான் கதவைத் திறந்து வாசல்படியில் நின்று, வான்கோழி எங்கே என்று கேட்டேன். "பாதிரியார் பொண்டாட்டி கொண்டுபோயிட்டா" என்றாள் அத்தை கண்ணாடியை இறக்கி. சரி, உள்ளே வா, குளிர்கிறது என்றேன். "கதவச் சாத்திட்டுப் போ வெர்ன், நாங்க இன்னும் பேசி முடிக்கல" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். சாத்திவிட்டு வந்துவிட்டேன். நன்றித் திருநாள் விருந்துக்கு நாளைக்குக் கடைக்குப் போய் நானே ஒரு வான்கோழி வாங்கிவிடுகிறேன்.

எல்லா நலமும் உனக்கு வரட்டும், வேலையில் கை நடுங்காமலும் சுடுதளத்தில் குழல் குனியாமலும் இரு. நன்றித் திருநாள் விருந்துக்கு நீ வந்தே ஆக வேண்டும், டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று அத்தை கேட்கச் சொன்னாள், நானும் கேட்கிறேன், நாயும் கேட்கிறது. அம்மாவுக்குப் போன் செய், அவள் பூசணிக்காயோடு பேசுவதை யாராவது நிறுத்த வேண்டும்.

உன் அன்புள்ள மாமா,
பட்டினியும் பரம திருப்தியுமாக,
வெர்னன்